மாறன்பாடியில் பொழுது சாய்ந்தது: பெண்ணாடம் – திட்டக்குடி பழைய நடைவழி

திட்டக்குடியில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரர்களே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். வைத்தியநாத சுவாமி கோயில், வெலிங்டன் ஏரி. அதோடு பட்டியல் முடிந்துவிடும். "விருத்தாசலம் போங்க, அப்படியே சிதம்பரம் போயிடுங்க" என்று பஸ் நிலையத்துக்குக் கை காட்டுவார்கள். நடந்து பார்க்க நல்ல வழி ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். "நடக்கவா? இந்த வெயில்லயா?" என்று உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

ஸ்பெயினில் நிலைமை தலைகீழ். சில நூறு பேர் மட்டுமே வாழும் கிராமங்கள் அங்கே ஏராளம். ஒரு சின்ன தேவாலயம், நம்ம ஊர் டீக்கடை மாதிரி ஒரு காப்பிக்கடை, சுற்றி வயல், ஓடை, மேடு. அவ்வளவுதான். அங்கே நடப்பதற்கென்றே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். அந்த வயலும் ஓடையும் நம் வயலையும் ஓடையையும்விடப் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வழிகளுக்கு ஒரு கதை இருக்கிறது, கதைக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

நமக்கும் கதை இருக்கு. பெண்ணாடத்திலிருந்து திட்டக்குடிப் பக்கம், வெள்ளாற்றின் வடகரையை ஒட்டி நடந்த ஒரு பயணத்தின் விவரம் ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. யார் நடந்தார், எந்த ஊரில் கிளம்பினார், கால் என்ன ஆயிற்று, எந்த ஊரில் பொழுது சாய்ந்தது என்பது வரைக்கும். இல்லாதது வரைபடம்தான். இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

முதலில் ஆறு. வெள்ளாறு என்றால் புதுக்கோட்டைப் பக்கம் ஓடும் தெற்கு வெள்ளாறுதான் பலருக்கு நினைவுக்கு வரும், சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்படுகிற ஆறு. நான் சொல்வது வடக்கு வெள்ளாறு. சேலம் மாவட்டத்து மலைகளில் இருந்து ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும், தம்மம்பட்டி, வீரகனூர் வழியாக வரும் சுவேத நதியும் சேர்ந்த பிறகு இதற்கு வெள்ளாறு என்று பேர். தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம் தாண்டி, கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. 'சுவேத' என்றாலும் வெள்ளைதான். 'வசிஷ்ட'ரும் சும்மா வரவில்லை. திட்டக்குடி என்ற பெயரே வசிஷ்டகுடி தேய்ந்து வந்தது என்பது தலபுராணம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வசிஷ்டபுரம் என்று ஓர் ஊரே இருக்கு.

தேவாரத்தில் இந்த ஆற்றுக்குப் பெயர் நிவா. இந்தப் பெயர் ஊர்ப் பேச்சில் இன்று சுத்தமாக இல்லை. ஆனால் ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் அதுதான் பெயர். நெல்வாயில் அரத்துறை என்ற தலத்தைப் பாடும்போது சம்பந்தரும் சுந்தரரும் நிவாக்கரையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த அரத்துறைதான் இப்போதைய திருவட்டத்துறை. திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில் கொடிக்களம் நிறுத்தத்தில் இறங்கித் தெற்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் வெள்ளாற்றங்கரையில் கோயில் வரும். அப்பரும் பாடியிருக்கிறார் என்பதால் மூவர் பாடல் பெற்ற தலம்.

இனி கதை. சொல்பவர் சேக்கிழார். சம்பந்தர் அப்போது சின்னப் பிள்ளை. மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் பாடத் தொடங்கியவர். பூணூல் கல்யாணம் இன்னும் ஆகவில்லை. எங்கே போனாலும் அப்பா சிவபாத இருதயர்தான் தோளில் தூக்கிக்கொண்டு போவார். சிதம்பரத்தில் இருக்கும்போது திருநீலகண்ட யாழ்ப்பாணர் வந்து, நிவாக்கரையில் எங்கள் ஊர்ப் பக்கம் உள்ள தலங்களையும் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். யாழ்ப்பாணரின் ஊர் எருக்கத்தம்புலியூர், இப்போதைய ராஜேந்திரப்பட்டினம். அங்கே போய்விட்டு முதுகுன்றம், அதாவது விருத்தாசலம். அங்கிருந்து கடந்தை என்று தேவாரம் சொல்லும் பெண்ணாடம், அங்கே தூங்கானைமாடம். அதற்கு அடுத்து அரத்துறை.

பெண்ணாடத்தில் கிளம்பும்போதுதான் விஷயம் நடக்கிறது. அப்பா வழக்கம்போலத் தூக்க வருகிறார். பிள்ளை வேண்டாம் என்கிறான். நடந்தே வருகிறேன் என்கிறான். நடக்கிறான். பிஞ்சுப் பாதம் நோகிறது, பின்னால் வரும் அப்பாவுக்கு மனசு நோகிறது. மாறன்பாடி என்ற ஊர் வரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அன்றிரவு அங்கேயே தங்கல். அதே இரவில் அரத்துறை ஊராரின் கனவில் இறைவன் தோன்றி, முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் ஊதுகிற சின்னங்களும் கோயிலில் இருக்கின்றன, கொண்டுபோய்ப் பிள்ளையிடம் கொடுங்கள் என்கிறார். விடிந்ததும் அவர்கள் எடுத்துக்கொண்டு எதிரே வருகிறார்கள். அன்றுமுதல் சம்பந்தர் சிவிகையில் போகிறார்.

பக்திக் கதையாகப் படித்தால் மனசு சிவிகைக்குப் போய்விடும். நான் இதை ஒரு வழிக் குறிப்பாகத்தான் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. மாறன்பாடி என்று மரபில் அடையாளம் சொல்லப்படும் ஊர் இறையூர். எறையூர் என்றும் எழுதுவார்கள். பெண்ணாடத்துக்கு மேற்கே, கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் பக்கம்தான். நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து அரத்துறை இன்னும் கொஞ்சம் தூரம். மொத்தமாகவே பத்து கிலோமீட்டர் வராது. பெரியவர்கள் இரண்டரை மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். இதற்கு நடுவில் எதற்கு ஒரு இரவு தங்கல்?

கனவு வருவதற்கு இரவு வேண்டும், அதனால் புலவர் இரவை நுழைத்துவிட்டார் என்று சொல்லலாம். அது பாதி பதில். இரவு வேண்டுமென்றால் பெண்ணாடத்திலேயே தங்க வைத்திருக்கலாமே. அல்லது பத்துக் காதம் தள்ளி ஒரு காட்டில் தங்க வைத்து, கல்லும் முள்ளும் புலியுமாகப் பெரிதாகப் பாடியிருக்கலாம். சேக்கிழார் தூரத்தை இழுக்கவில்லை. ஒரு சின்னக் குழந்தை, முதல் தடவையாக முழு வழியும் தன் காலால் நடந்தால் எவ்வளவு தூரம் போகுமோ, அவ்வளவு தூரத்தில் பொழுதைச் சாய்க்கிறார். வீட்டில் நாலைந்து வயதுப் பிள்ளை இருப்பவர்களைக் கேளுங்கள், மதியத்துக்கு மேல் கிளம்பினால் நாலு கிலோமீட்டர் என்பது சரியான கணக்கு என்பார்கள்.

சேக்கிழார் இதை எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அநபாயன் என்று அவர் குறிப்பிடும் மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் (ஆட்சிக்காலம் 1133–1150) என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட முடிவு. சம்பந்தர் காலத்துக்கும் அவருக்கும் இடையில் ஐந்நூறு ஆண்டுகள். ஆகவே ஏழாம் நூற்றாண்டில் ஒரு குழந்தை இந்த வழியில்தான் நடந்தது என்பதற்குப் பெரிய புராணத்தைச் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெண்ணாடத்தில் இருந்து அரத்துறைக்கு மாறன்பாடி வழியாகத்தான் நடந்து போனார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. அவர் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. நாடு, ஊர், வழி எல்லாம் தெரிந்த ஆள். கேட்கிறவர்களிலும் அந்த வழியில் நடந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஊரை மாற்றிச் சொன்னால் முதல் வரிசையிலேயே எழுந்து நின்று கேட்டிருப்பார்கள்.

இன்னொரு பக்கம் சம்பந்தரின் பதிகத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். சிவிகை பெற்றபோது பாடியதாகச் சொல்லப்படும் அரத்துறைப் பதிகத்தில் சிவிகை இல்லை, குடை இல்லை, கால் வலி இல்லை. இருப்பது நிவா. வேகமாக வருகிற தண்ணீர், அது உருட்டிக் கொண்டுவரும் பூக்கள், கரையில் சோலை. சுந்தரர் பதிகத்தில் இதே ஆறு அகிலும் மணியும் உருட்டி வருகிறது. தேவாரத்தில் எல்லா ஆறும் அகிலும் மணியும் கொண்டுவரும், அது கவிமரபு, அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனாலும் இது மலையில் பிறந்து வருகிற ஆறு, மழைக்காலத்தில் முரட்டுத்தனமாக வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, நிலக்காட்சி ஏழாம் எட்டாம் நூற்றாண்டுப் பாட்டில் இருக்கு. வழி பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியத்தில் இருக்கு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் நடந்தேன்.

மூன்று தடவை நடந்திருக்கிறேன். இரண்டு தடவை தார்ச்சாலையில், ஒரு தடவை முடிந்த மட்டும் ஆற்றங்கரையை ஒட்டி.

தூங்கானைமாடத்தில் ஆரம்பிப்பதுதான் முறை. பிரளயகாலேஸ்வரர் கோயில் என்றால் பெண்ணாடத்தில் யாரும் காட்டுவார்கள். கருவறையின் பின்பக்கம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி இருக்கும். கோயிலின் பேரே கட்டிட வடிவத்தின் பேர். சிற்ப நூல்கள் இதை கஜபிருஷ்டம் என்று சொல்லும். தூங்கானைமாடம் என்ற தமிழ்ச்சொல் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். சிவஞான போதம் எழுதிய மெய்கண்டார் பிறந்ததும் இந்த ஊரில்தான், 13ஆம் நூற்றாண்டில். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது பெரிய ஊர். ரயிலில் போகிறவர்களுக்கு விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் வந்து போகும் ஒரு ஸ்டேஷன்.

ஊரைத் தாண்டினால் கரும்பு. இறையூரில் சர்க்கரை ஆலை வந்த பிறகு இந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பாக இருந்த காலம் உண்டு. இப்போது நடுநடுவே மக்காச்சோளம், பருத்தி, நெல். இறையூர் சிவன் கோயில் சாமிக்குத் தாகம் தீர்த்தபுரீஸ்வரர் என்று பெயர். சம்பந்தருக்குத் தாகம் தீர்த்தவர் என்று ஊரில் சொல்கிறார்கள். இந்தத் தாகத்தைச் சேக்கிழாரில் தேடவேண்டியதில்லை. ஆனால் நடந்து வந்தவனுக்கு அந்தப் பெயரைப் படித்ததும் ஒரு சந்தோஷம். வழியில் ஓர் ஊர் எதற்காக இருந்தது என்பதை அந்த ஒரு பெயர் சொல்லிவிடுகிறது. 'மாறன்பாடி'யிலும் விஷயம் இருக்கு. மாறன் என்பது பாண்டியர் பெயர். பாடி என்றால் ஊர் என்றும் பொருள், படை தங்கும் இடம் என்றும் பொருள். படை தங்கிய இடம் என்றால் அங்கே வழியும் தண்ணீரும் இருந்தாக வேண்டும். நடந்து போகிறவர்கள் இரவு தங்கவும் அந்த இரண்டும்தான் வேண்டும்.

கொடிக்களத்தில் டீ குடித்தேன். கடைக்கார அம்மா நான் சாலையில் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஏந்தம்பி, வெயில்ல நடந்து வர்ற? பஸ்ஸு இருக்கே."

"சும்மா நடந்து பாக்கலாம்னுதாம்மா."

"வேண்டுதலா?"

"இல்லம்மா."

அவருக்கு அது புரியவில்லை. வேண்டுதல் என்று சொல்லியிருந்தால் டீக்குக் காசு வாங்கியிருக்க மாட்டார் என்றுகூடத் தோன்றியது. நம்மிடம் நடைப் பண்பாடு இல்லை என்று சொல்வது சுத்தப் பொய். மாசி, பங்குனியில் இந்த வட்டாரத்தில் இருந்து சமயபுரத்துக்கு எத்தனை பேர் மஞ்சள் துணியோடு நடக்கிறார்கள்! தைப்பூசத்துக்கு வடலூர், ஆவணியில் வேளாங்கண்ணி. நூறு கிலோமீட்டர் நடப்பது இங்கே பாட்டிமார்களுக்கும் சாதாரணம். வேண்டுதல் இல்லாத நடைக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், நம் நடைக்குத் தனி வழி இல்லை. எல்லோரும் நெடுஞ்சாலையின் வெள்ளைக்கோட்டு ஓரத்தில், இரவில், லாரிகளுக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள். சட்டை முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொல்லிப் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். பாதயாத்திரை போனவர்கள் மீது வாகனம் மோதியது என்ற செய்தியும் ஒவ்வொரு வருஷமும் வருகிறது. பழைய வழிகளைத் தேடுவது எனக்குப் பழம்பெருமை விஷயம் மட்டும் இல்லை, இதனால்தான்.

திருவட்டத்துறையில் கோயிலுக்குப் பின்னால் ஆறு. சித்திரையில் போனால் ஆறு என்று நீங்களாகச் சொல்லிக்கொள்ளவேண்டும். மணலும் நாணலும் சீமைக் கருவேலமும்தான். சில இடங்களில் மணலே இல்லை, கீழே இருக்கும் களி வெளியே தெரிகிறது. எதிர்க்கரைக்கு நடந்து போனால் மாவட்டம் மாறிவிடும். அந்தப் பக்கம் பெரம்பலூர், அரியலூர். வெள்ளையர் காலத்திலும் தென்னார்க்காட்டுக்கும் திருச்சிக்கும் இதுதான் எல்லை. அரத்துறை, கீழே பெலாந்துறை என்று துறை துறையாகப் பெயர்கள் வருவதைக் கவனியுங்கள். துறை என்றால் இறங்கிக் கடக்கும் இடம். பாலம் வருவதற்கு முன் ஊரின் முக்கியத்துவமே அதில்தான் இருந்தது. கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

இங்கிருந்து திட்டக்குடி வரை கரையை ஒட்டிப் போவதுதான் நல்ல நடை. கொஞ்ச தூரம் வண்டிப்பாதை, கொஞ்ச தூரம் வரப்பு, நடுவில் வாய்க்கால் குறுக்கே வந்து பாதை காணாமல் போய்விடும். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டுக்கேட்டுத்தான் போனேன். அவர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது.

வழி கேட்பது என்றதும் இதே ஆற்றங்கரையில் நடந்த இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. சுந்தரர் முதுகுன்றத்துக்குப் போக வருகிறார். எதிரே ஒரு முதிய வேதியர். வழி கேட்கிறார். அவரோ, இது கூடலையாற்றூர் போகிற வழி என்று சொல்லி, முன்னே நடந்து அங்கே கூட்டிப்போய்விட்டு மறைந்துபோகிறார். வந்தது யார் என்று புரிந்ததும் சுந்தரர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு இதே வியப்புதான், இந்த வழியே வந்தது எப்படி என்று. கூடலையாற்றூர் இரண்டு ஆறுகள் கூடும் இடம். ஆறுகள் கூடுகிற இடத்தில் பாதைகள் பிரியும், தப்பாகத் திரும்பிவிட வாய்ப்பு அதிகம். எனக்கென்னவோ இந்தக் கதைக்கு அடியில் ஒரு நிஜமான கவைவழி இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இப்போது ஸ்பெயினுக்கு ஒரு நடை போய் வருவோம். வடமேற்கில் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா என்ற ஊரில் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பிக்கை. ஐரோப்பா முழுவதிலும் இருந்து அங்கே நடந்து போவது ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அந்த வழிக்குப் பெயர் காமினோ. காமினோ என்றால் வழி, அவ்வளவுதான் அர்த்தம். இந்த யாத்திரைக்கு ஒரு பழைய வழிகாட்டி நூல் உண்டு. 'காலிக்ஸ்தீனுஸ் சுவடி' என்ற லத்தீன் நூலின் ஐந்தாம் பகுதி. எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடித்தால் குதிரை செத்துவிடும், எந்தத் துறையில் ஓடக்காரன் அநியாயக் காசு கேட்பான் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அது எழுதப்பட்டது பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சேக்கிழார் மாறன்பாடியில் பொழுதைச் சாய்த்த அதே காலம்!

ஆனால் அந்த வழி இடையில் ஏறக்குறைய செத்துப்போயிருந்தது. 1970களில் அதில் முழுக்க நடந்தவர்கள் மிகச் சொற்பம். ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலினா, பழைய வழியைத் தேடிப் படித்து, நடந்து, 1984இல் மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மரத்தில், பாறையில், வீட்டுச் சுவரில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். 1987இல் ஐரோப்பிய மன்றம் அதை முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். 2023இல் அதை வாங்கியவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். வழியில் இருக்கும் கிராமங்கள் இந்த நடையால் பிழைக்கின்றன. அப்படி ஒரு கூட்டம் வெள்ளாற்றங்கரைக்கு வரவேண்டும் என்பது என் ஆசை இல்லை. வந்தால் ஆறு தாங்காது. நான் கவனித்தது பெயிண்ட் டப்பாவை. அந்த வழியை மீட்டது முதலில் ஒரு மனிதர், ஒரு நிறம்.

வழியில் குறி வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில் நாவற்தாவளத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்று எழுதியிருக்கிறது. எழுத்து தெரியாதவர்களுக்காக அதே எண்ணிக்கையைக் குழிகளாகவும் கொத்தியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. தடவிப் பார்த்தே, இருட்டிலும் தூரம் தெரிந்துகொள்ளலாம்.

திட்டக்குடிக்கு வந்து சேர்ந்த பிறகு இன்னும் கால் தாங்கினால் மேற்கே கீழச்செருவாய் ஏரிக்கரைக்குப் போகலாம். வெலிங்டன் ஏரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வாட்டர்லூ புகழ் வெலிங்டனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அவர் 1852இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இது வில்லிங்டன் பிரபு, 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னர். 1923இல் ஏரி முடிந்தபோது அவர் பெயரை வைத்தார்கள். ஊர் வாயில் அது வெலிங்டனாகிவிட்டது. பெரிய ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு, தொழுதூர் அணைக்கட்டில் வெள்ளாற்றுத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி. இதை நம்பி 24 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். கீழே ஆறு வறண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் ஏரி இல்லையென்றால் இந்த வட்டாரத்தில் நெல் ஏது? மார்கழி, தையில் விடிகாலை கரைமேல் நடந்தால் நீர்க்காகமும் நாரையும் கொக்குமாக, தமிழ்நாட்டின் நல்ல நடைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

இந்தக் கரை அடிக்கடி உள்வாங்கித் தொல்லை கொடுத்திருக்கிறது. அடியில் இருக்கும் களிமண் அப்படி. இதே வட்டாரக் களிமண்தான் விருத்தாசலத்துக்குச் செராமிக் தொழிலைக் கொடுத்தது. கொலு பொம்மை, ஜாடி, வீட்டு மின்பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கேரியர் எல்லாம் அங்கே சூளையில் வெந்து வருகின்றன. ஒருத்தனுக்குக் கரையைச் சாய்க்கிற மண் இன்னொருத்தனுக்குச் சோறு.

முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் மூன்றுக்கும் அர்த்தம் பழைய மலை. போய்ப் பார்த்தால் மலை எங்கே? தரை மட்டம்தான். மலைகளில் முதலில் தோன்றியது இது, மண்ணுக்குள் அழுந்திவிட்டது என்பது புராணம். பூகோளமும் ஒரு விதத்தில் இதற்கு அருகில்தான் வருகிறது. மேற்கே இருந்து வரும் மிகப் பழைய கருங்கல் பாறை, கடற்கரைப் பக்கத்து இளைய படிவங்களுக்கு அடியில் போய் மறைவது இந்த வட்டாரத்தில்தான். அந்தப் படிவங்களில் ஒரு பகுதி கிரெட்டேசியஸ் காலக் கடலின் அடித்தரை. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் அலைந்து கடல் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடப்பதைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் எழுதினார். தென்னிந்தியப் புதைபடிமங்களைப் பற்றிய ஆரம்பகால நூல்களில் விருத்தாசலம் என்ற பெயர் வருவது இப்படித்தான். பிறகு பிளான்ஃபோர்ட் வந்து, 1862இல் இந்தப் பாறைகளை உட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் சிமெண்ட் ஆலைகள் எல்லாம் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பில் ஓடுகிறவைதான்.

நேரம் இருந்தால் திட்டக்குடியில் இருந்து பஸ் பிடித்துப் பெரம்பலூர்ப் பக்கம் காரைக்குப் போங்கள். மழை அரித்து அரித்து, செடி முளைக்காத வெளிர் மண்மேடுகளும் பள்ளங்களுமாக வேறு கிரகம் மாதிரி இருக்கும். பக்கத்தில் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம், சுமார் 18 மீட்டர் நீளம், எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளியுலகுக்குச் சொன்னது. அங்கே கீழே கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள், பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள்.

நடக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரைவழி வேண்டாம், நிவா பழைய குணத்தைக் காட்டும் காலம் அது. காலை ஆறு மணிக்குத் தூங்கானைமாடத்தில் கிளம்பினால் திருவட்டத்துறைக் கோயில் நடை சாத்துவதற்குள் சேர்ந்துவிடலாம். இறையூருக்கும் திருவட்டத்துறைக்கும் நடுவில் தார்ச்சாலையைத் தவிர்க்க எனக்கு இரண்டு இடத்தில் மட்டுமே வரப்புவழி கிடைத்தது. ஒன்று வாய்க்கால் கரை, கரும்பு வெட்டிய பிறகுதான் திறக்கும். இன்னொன்று இறையூர்க் கோயிலில் இருந்து தெற்கே ஆற்றுக்கு இறங்கும் வண்டிப்பாதை; ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அதில் இறங்கி மணலிலேயே மேற்கே நடக்கலாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இறையூரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். கோயில் வாசலில் நிழல் இருக்கு.